செல்போனில் வழி பார்த்து நெடும்பயணம் போவது எப்படி? முதன்முறை போகிறவர்களுக்கு

தெரியாத சாலையில் முதன்முறையாக வண்டி எடுத்துப் போகிறவர்கள் பெரும்பாலும் இஞ்சினைக் கிளப்பிய பிறகுதான் போனை எடுத்து ஊர்ப் பெயரைத் தட்டுகிறார்கள். பாதிச் சிக்கல் அங்கேயே ஆரம்பமாகிவிடுகிறது. வழி பார்க்கும் வேலையில் முக்கால்வாசி முந்தின நாள் இரவே முடிந்திருக்க வேண்டும். வண்டி ஓடும்போது போன் சொல்ல வேண்டும், நாம் கேட்க வேண்டும். இந்த விளக்கம் முழுவதையும் அந்த வரிசையில்தான் எழுதியிருக்கிறேன்.

முதலில் ஒரு குழப்பம்

சிக்னல் போனால் மேப்பும் வேலை செய்யாது என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். போனுக்குள் நடப்பது இரண்டு தனித்தனி வேலைகள். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதைக் கண்டுபிடிப்பது ஒன்று. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் அனுப்பும் குறிப்புகளைப் போன் வாங்கிக் கணக்குப் போடுகிறது. குறைந்தது 4 செயற்கைக்கோள்கள் தெரிந்தால் போதும். இதற்கு டேட்டா வேண்டாம், சிம் கார்டுகூட வேண்டாம். ரேடியோ பெட்டி மாதிரி, போன் கேட்க மட்டுமே செய்கிறது.

இன்னொன்று, அந்த இடத்தைச் சுற்றியுள்ள சாலைகளைத் திரையில் வரைந்து காட்டுவது. இதற்குத்தான் டேட்டா தேவை. சிக்னல் இல்லாத இடத்தில் வெற்றுத் திரையில் நீலப் புள்ளி மட்டும் நகர்வதைப் பார்த்திருப்பீர்கள். புள்ளி சரியாகத்தான் இருக்கிறது, அதன் அடியில் இருக்க வேண்டிய படம்தான் வரவில்லை.

டேட்டா இன்னொரு சின்ன உதவியும் செய்கிறது. எந்தச் செயற்கைக்கோள் இப்போது எங்கே இருக்கிறது என்ற விவரத்தை நெட்வொர்க் வழியாகச் சில நொடிகளில் எடுத்துக்கொள்ளலாம். நெட்வொர்க் இல்லாவிட்டால் அதையும் செயற்கைக்கோளிடமிருந்தே மெதுவாக வாங்க வேண்டும். அதனால் சிக்னல் உள்ள இடத்திலேயே மேப்பைத் திறந்து, நீலப் புள்ளி சரியான இடத்தில் நின்ற பிறகு கிளம்புங்கள்.

படி 1: மேப்பை முன்கூட்டியே இறக்கி வையுங்கள்

கூகுள் மேப்ஸில் மேல் மூலையில் இருக்கும் உங்கள் படத்தைத் தொட்டால் ஆஃப்லைன் மேப் என்ற பகுதி வரும். அதில் ஒரு சதுரக் கட்டம் தெரியும். அதை நகர்த்திப் பெரிதாக்கி, வேண்டிய பகுதியைத் தேர்ந்தெடுத்து, வைஃபையில் இருக்கும்போது இறக்கிக்கொள்ளுங்கள். ஐபோனில் ஆப்பிள் மேப்ஸ் வைத்திருப்பவர்களுக்கு 2023-இல் வந்த ஐஓஎஸ் 17 முதல் இந்த வசதி உண்டு.

போய்ச் சேரும் ஊரை மட்டும் இறக்கினால் போதாது. நான் ஒருமுறை அதைத்தான் செய்தேன். நடுவழியில் ஒரு மலைப்பாதையில் சிக்னல் போனது. முதலில் எதுவும் தெரியவில்லை, போன் பாட்டுக்கு வழி சொல்லிக்கொண்டே வந்தது. கிளம்பும்போது போட்ட வழியைப் போன் நினைவில் வைத்திருக்கும் என்பதால் அந்தக் கோட்டிலேயே போகிறவரை பிரச்சினை வராது. நான் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டேன். அந்த நிமிடம் புதிய வழி தேட முடியாமல் மேப் நின்றுவிட்டது. இருட்டும் நேரத்தில், ஆள் நடமாட்டம் இல்லாத சாலையில், வந்த வழியே திரும்பிச் சிக்னல் கிடைக்கும் இடம் வரை போக வேண்டியிருந்தது. அதிலிருந்து முழு வழியையும், அதன் இருபுறமும் தாராளமாக இடம் விட்டு இறக்குவதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

இறக்கியதும் சோதித்துப் பாருங்கள். ஏர்பிளேன் மோடு போட்டு, வைஃபையையும் அணைத்துவிட்டு வழி கேளுங்கள். வழி வந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். இறக்கிய மேப்புக்குக் காலாவதி உண்டு, பழையது கிடக்கிறதே என்று விடாமல் புதுப்பித்துக்கொள்ளுங்கள். ஆஃப்லைனில் நெரிசல் விவரமும் மாற்று வழிகளும் வராது என்பதையும் மனதில் வையுங்கள்.

இரண்டாவதாக ஒரு செயலி இருந்தால் இன்னும் நல்லது. 2004-இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத்தைத் தன்னார்வலர்கள் வரைந்து வருகிறார்கள். ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்ம்அண்ட் இரண்டும் அதை வைத்து, டேட்டா இல்லாமலேயே இயங்கும்படி செய்யப்பட்டவை.

படி 2: போகும் இடத்தின் புள்ளியைச் சரிபாருங்கள்

ஒரே பெயரில் இரண்டு ஊர்கள், ஐந்து தெருக்கள் இருப்பது சாதாரணம். பெயரைத் தட்டியதும் வரும் முதல் பதிலை நம்பிக் கிளம்பாதீர்கள். புள்ளியைப் பெரிதாக்கி, சாட்டிலைட் படத்தில் பாருங்கள். வாசல் எந்தப் பக்கம்? வண்டி நுழையும் வழி எது? பெரிய வளாகமாக இருந்தால் நடுவில் விழும் புள்ளி உங்களைப் பின்பக்க மதில் சுவரில் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

அங்கே இருக்கிறவரிடம் முகவரி கேட்பதைவிட, வாசலில் நின்று லொக்கேஷன் அனுப்பச் சொல்வது மேல். முகவரியே இல்லாத இடமென்றால் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை அப்படியே தேடும் பெட்டியில் போடலாம். அட்சரேகைதான் முதலில் வர வேண்டும். தசமப் புள்ளிக்குப் பின் 4 இலக்கம் இருந்தால் பிசகு 11 மீட்டருக்குள், 5 இலக்கம் இருந்தால் ஏறக்குறைய 1 மீட்டருக்குள் அடங்கும். அவசரத்தில் உதவி கேட்கும்போதும் இந்த எண்கள்தான் கைகொடுக்கும், படித்துச் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள்.

படி 3: வழியை ஒருமுறை படியுங்கள்

வரைந்து காட்டிய கோட்டை விரலால் பின்தொடர்ந்து முழுவதும் பாருங்கள். பத்து நிமிடம் ஆகும். மூன்று நிமிடம் மிச்சப்படுத்துவதற்காக மேப் ஒரு ஒற்றையடிச் சாலைக்குள் உங்களை அனுப்பக்கூடும். சாலை குறுகலா, குண்டும் குழியுமா, இரவில் போகத் தகுந்ததா என்பதெல்லாம் அதற்குச் சரிவரத் தெரியாது. பெரிய சாலையிலேயே போக விருப்பமென்றால், அந்தச் சாலையில் இருக்கும் ஓர் ஊரை இடை நிறுத்தமாகச் சேர்த்துவிடுங்கள், கோடு அங்கே வந்துவிடும். சுங்கச்சாவடி, விரைவுச்சாலை, படகுத்துறை வேண்டாமென்று சொல்லும் வசதியும் அமைப்புகளில் இருக்கிறது. கார், இருசக்கர வண்டி என்ற தேர்வு இருந்தால் அதையும் கவனியுங்கள்.

அப்புறம், வழியில் வரும் ஐந்தாறு பெரிய ஊர்களின் பெயரை வரிசையாக ஒரு தாளில் எழுதி வையுங்கள். போன் கீழே விழுந்து உடைந்தாலும், சாலைப் பலகையைப் பார்த்தே போய்ச் சேர்ந்துவிடலாம். எத்தனை வருடம் ஓட்டினாலும் இதை நான் விடுவதில்லை.

மேப் சொல்லும் நேரத்தில் உங்கள் ஓய்வு நேரம் சேராது. அதைத் தனியாகக் கூட்டிக்கொள்ளுங்கள்.

படி 4: போனை எங்கே வைப்பது

மடியிலோ கையிலோ வேண்டாம். நல்ல ஸ்டாண்ட் ஒன்று வாங்கி, சாலையை மறைக்காத, ஏர்பேக் விரியும் இடத்துக்குக் குறுக்கே வராத இடத்தில் பொருத்துங்கள். கண்ணாடியில் ஒட்டுவதற்குச் சில நாடுகளில் தடை உண்டு, போகிற இடத்தின் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெயிலும் ஒரு பெரிய பிரச்சினை. ஐபோனை 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையுள்ள சூழலில் பயன்படுத்த வேண்டும் என்கிறது ஆப்பிள். வெயிலில் நிற்கும் காருக்குள் வெப்பம் அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். எந்தப் போனும் சூடேறினால் திரையை மங்கலாக்கும், சார்ஜ் ஏற்றுவதை நிறுத்தும், கடைசியில் அணைந்தேவிடும். ஏசிக் காற்று வரும் இடத்தில் மாட்டும் ஸ்டாண்ட் இதற்கு நல்ல தீர்வு.

திரை விடாமல் எரிவதும் ஜிபிஎஸ் ஓடுவதும் பேட்டரியைக் குடித்துவிடும். காரிலேயே இருக்கும் பழைய யுஎஸ்பி துளைகளில் சில 0.5 ஆம்பியர்தான் கொடுக்கும். போன் சார்ஜில் இருப்பதுபோலத் தெரிந்தாலும் சதவீதம் இறங்கிக்கொண்டே இருக்கும். 12 வோல்ட் துளையில் செருகும் வேகமான சார்ஜரும், நல்ல கேபிள் இரண்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: குரலைச் சோதியுங்கள்

கிளம்புமுன் வழிகாட்டும் குரல் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். காரின் ப்ளூடூத்தில் இணைந்திருந்தால் சில நேரம் குரல் எங்கேயும் கேட்காது. பாட்டு ஓடும்போதும் தெளிவாகக் கேட்கிறதா என்று பார்த்துச் சத்தத்தைச் சரிசெய்யுங்கள்.

படி 6: ஓட்டும்போது

மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 25 மீட்டர் ஓடுகிறது. திரையை 2 நொடி பார்த்தால் 50 மீட்டர் சாலையைப் பார்க்காமலே கடந்திருப்பீர்கள். இதைப் படிக்கும் ஒவ்வொருவரும் இந்த ஒரு கணக்கையாவது மறக்காமல் இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். எதையாவது தட்ட வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுங்கள். தனியாகப் போனால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்திவிட்டுத் தட்டுங்கள்.

திருப்பம் தவறிவிட்டதா? சரி, போகட்டும். ரிவர்ஸ் எடுக்காதீர்கள், பிரேக்கை அழுத்தி நடுவில் நிற்காதீர்கள். நேரே போங்கள், புதிய வழி வரும்.

மேம்பாலத்திலும் சர்வீஸ் ரோட்டிலும் மேப் குழம்பும். திறந்த வானத்தின் கீழேகூடப் போன் உங்களைச் சுமார் 5 மீட்டர் வட்டத்துக்குள்தான் கண்டுபிடிக்கும். ஒட்டியபடி போகும் இரண்டு சாலைகளில் எதில் இருக்கிறீர்கள் என்பதும், பாலத்தின் மேலா கீழா என்பதும் அதற்குப் பிடிபடாமல் போகலாம். சுரங்கப்பாதைக்குள் செயற்கைக்கோள் தெரியாது, கடைசி வேகத்தை வைத்து ஊகித்துக்கொண்டு வரும். இந்த மாதிரி இடங்களில் சாலைப் பலகை சொல்வதையே கேளுங்கள். ஒருவழிப் பலகையோ பாதை மூடல் தடுப்போ இருந்தால் மேப் என்ன சொன்னாலும் உள்ளே போகாதீர்கள்.

படி 7: சேர்ந்த பிறகு

கிளம்பும்போது வீட்டில் ஒருவருக்கு உங்கள் பயணத்தின் நேரலை லொக்கேஷனைப் பகிர்ந்திருந்தால், சேர்ந்ததும் நிறுத்திவிடுங்கள். வழிகாட்டுதலையும் அணையுங்கள், இல்லாவிட்டால் பின்னணியில் ஓடிப் பேட்டரியைத் தின்னும். வண்டியைவிட்டு நடக்குமுன் நீலப் புள்ளியைத் தொட்டு வண்டி நிறுத்திய இடத்தைச் சேமித்துக்கொள்ளுங்கள். பல மாடி நிறுத்தகமாக இருந்தால் தள எண்ணையும் அதனுடன் குறித்துவிடுங்கள், புள்ளி மாடியைச் சொல்லாது.