மனதை உருக்கும் டிரான்ஸ் மிக்ஸ்: ஒரு மணி நேரத்தை எப்படி அடுக்குவது

புரோகிரசிவ், டிரான்ஸ் என்னும் மின்னணு நடன இசையின் டிராக்குகளை இடைவெளியில்லாமல் கோத்து மிக்ஸ் போடத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் தங்களுக்குப் பிடித்த உச்சக்கட்ட டிராக்குகளாகப் பொறுக்கி அடுக்கிவிடுவார்கள். இருபது நிமிடத்தில் காது சலித்துப்போகும். இந்த இசை உருக்குவது உச்சத்தால் அல்ல, அதற்காகக் காக்க வைப்பதால்தான். 2011இல் மாண்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை மூளையிலேயே பார்த்தார்கள்: பிடித்த இசையில் சிலிர்ப்பு வருமுன், அதை எதிர்பார்க்கும்போதே டோபமைன் என்ற மூளை ரசாயனம் சுரந்துவிடுகிறது.

வேகத்தை 122 பிபிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 122 தாள அடியில் தொடங்குங்கள். டிராக்குக்கு ஒன்றிரண்டு கூட்டி, கடைசியில் 132க்குக் கொண்டுபோனால் போதும். கேட்பவருக்கு ஏறியதே தெரியக்கூடாது.

ஸ்ருதியும் பொருந்த வேண்டும். ஏ மைனருக்கு அடுத்து ஈ மைனரோ டி மைனரோ இதமாகச் சேரும். சி மேஜருக்கும் ஏ மைனரின் அதே ஸ்வரங்கள்தான், ஆனால் நான் அதை நாற்பது நிமிடம் தாண்டும்வரை தொடமாட்டேன். அவ்வளவு நேரம் மைனரிலேயே இருந்த காதுக்கு அப்போது வரும் மேஜர், மழை விட்டு வெயில் அடித்த மாதிரி இருக்கும்.

இப்போது முக்கியமான வேலை. டிரம் எல்லாம் விலகி மெலடி மட்டும் நிற்கும் இடம் பிரேக்டவுன். அதற்கு ஓரிரு நிமிடம் முன்பே, பழைய டிராக்கின் கிக் (கனத்த டிரம் அடி) ஓடிக்கொண்டிருக்கும்போது, புதிய டிராக்கின் அந்த மெலடித் துண்டை மட்டும் லூப் செய்து (திரும்பத் திரும்ப ஓடவிட்டு), ஃபில்டரால் அதன் கனத்த கீழ் ஒலிகளை வெட்டி, மெல்லிசாக உள்ளே விடுங்கள். யாரும் கவனிக்க மாட்டார்கள். பிறகு அதே மெலடி பிரேக்டவுனில் தனியாக வரும்போது எங்கேயோ கேட்டது போலத் தோன்றும். தொண்டை அடைப்பது அங்கேதான். அந்த நேரத்தில் எஃபெக்ட் பட்டன்களில் கை வைக்காதீர்கள், தயவுசெய்து!

பாருக்கு நான்கு அடி என்றால், 128 பிபிஎம்மில் 32 பார் என்பது சரியாக ஒரு நிமிடம். டிராக் மாற்ற அந்த ஒரு நிமிடம் முழுவதையும் எடுத்துக்கொள்ளுங்கள். பாஸ் (அடிநாத ஒலி) மட்டும் ஒரு நேரத்தில் ஒரு டிராக்கினுடையதுதான்; இரண்டும் சேர்ந்தால் கொழகொழவென்றாகிவிடும். நீண்ட கலவை எப்படி இருக்கும் என்று அறிய டிஜேக்கள் சாஷா, ஜான் டிக்வீட் இருவரும் 1996இல் வெளியிட்ட ‘நார்தர்ன் எக்ஸ்போஷர்’ மிக்ஸ் ஆல்பத்தைக் கேளுங்கள்.

பெரிய பிரேக்டவுன் மணிக்கு இரண்டு போதும். நடுவில் மெலடியே இல்லாத, வறண்ட டிரம் டிராக் ஒன்றாவது இருக்கட்டும். குரல் உள்ள பாட்டு ஒன்றுக்கு மேல் எனக்குப் பிடிக்காது. காதல் வசனம் மூன்று முறை வந்தால் சிரிப்புதான் வரும்.

முடித்ததும் நான் அக்காவுக்குப் போட்டுக் காட்டுவேன். அவள் இந்த இசையே கேட்காதவள். எந்த நிமிடத்தில் அவள் போனை எடுக்கிறாள் என்று குறித்துக்கொண்டு, அதற்கு முந்தைய டிராக்கை வெட்டிவிடுவேன்.