பாக்கெட் சுறா: இரண்டே மீன், எத்தனையோ தவறுகள்

விஞ்ஞானிகள் கையில் இதுவரை கிடைத்துள்ள பாக்கெட் சுறாக்கள் இரண்டுதான். எழுதுகிறவர்களோ அவற்றைக் கூட்டம் கூட்டமாகப் பார்த்தவர்கள் போல எழுதிவிடுகிறார்கள்.

சட்டைப்பைக்குள் அடங்குவதால்தான் இந்தப் பெயர் என்பது பரவலான பிழை. செவுள்களுக்குப் பின்னால், மார்புத் துடுப்புகளையொட்டிப் பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் சிறு பைகள்தான் காரணம். 'உலகின் மிகச் சிறிய சுறா' என்றும் எழுதக் கூடாது. மெக்சிகோ வளைகுடாவில் கிடைத்தது 14 செ.மீ. நீளம்தான், ஆனால் அது பிறந்து சில வாரங்களே ஆன ஆண் குட்டி. தொப்புள்கொடித் தழும்புகூட மறையவில்லை. 1979இல் தென்கிழக்குப் பசிபிக்கில் பிடிபட்ட பெண் மீன் ஏறத்தாழ 40 செ.மீ. இருந்தது.

வளைகுடாச் சுறாவைத் தேடிப் போய்க் கண்டுபிடித்தார்கள் என்பது இன்னொரு கற்பனை. 2010 பிப்ரவரியில் அமெரிக்க அரசின் ஆய்வுக் கப்பல் ஒன்று, எண்ணெய்த் திமிங்கிலங்களின் உணவை ஆராய்வதற்காக வலை இழுத்தது. அதில் சிக்கியவற்றோடு குட்டிச் சுறாவும் உறைபெட்டிக்குள் போனது. 2013இல் மார்க் கிரேஸ் என்ற ஆய்வாளர் அந்த மாதிரிகளைப் பிரித்துப் பார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது. அறுத்துப் பார்க்க மனம் வருமா? பிரான்சின் கிரெனோபிளில் உள்ள, மிக வலிமையான எக்ஸ் கதிர்களை உண்டாக்கும் சின்க்ரோட்ரான் ஆய்வகத்துக்குக் கொண்டுபோய் அவற்றால் படமெடுத்தார்கள்.

2015 வாக்கில் வந்த செய்திகளை மட்டும் நம்பி, இரண்டும் ஒரே இனம் என்று எழுதிவிட வேண்டாம். வளைகுடாக் குட்டிக்கு முள்ளெலும்புக் கணுக்கள் சுமார் பத்து குறைவு. உடலின் பெரும்பகுதியில் ஒளி உமிழும் சிறு உறுப்புகளும் காணப்பட்டன. 2019இல் அதற்கு 'மோலிஸ்குவாமா மிசிசிப்பியென்சிஸ்' என்று தனிப்பெயர் கிடைத்தது. பசிபிக் மீன் 'மோலிஸ்குவாமா பரினி'.

எனக்கு அதிகம் எரிச்சலூட்டுவது வேறொன்று. 'பையிலிருந்து ஒளிரும் திரவத்தைப் பீய்ச்சி எதிரியை ஏமாற்றும்' என்று நேரில் கண்டதுபோல் எழுதுவது. பையின் திசுக்களையும் நெருங்கிய உறவான சுறாக்களையும் வைத்து அந்தத் திரவத்தை ஊகித்திருக்கிறார்கள். ஊகம் நியாயமானதுதான். எதிரியைக் குழப்பவா, இரையைக் கவரவா என்பது அதற்கும் மேல் ஓர் ஊகம். 'இருக்கலாம்' என்று ஒரு சொல் சேர்த்தால் போதும்.

அரிதாகக் கிடைப்பதால் 'அழியும் தறுவாயில்' என்று எழுதுவதும் வேண்டாம். இரண்டு மீனை வைத்துக்கொண்டு எண்ணிக்கை கூடுகிறதா, குறைகிறதா என்று எப்படிச் சொல்வது?