கடற்பாறையின் வயதைக் கணிப்பது எப்படி: நுண்புதைபடிவமும் கார்பன் ஐசோடோப்பும்

குமரி மாவட்டத்தில் பாறைக்குப் பஞ்சமில்லை. ஆனால் இங்குள்ள சார்னோகைட்டும் நைஸும் பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் உருமாறியவை என்பதால், அவற்றில் கடலுயிர்ச் சுவடுகளைத் தேடிப் பயனில்லை. நுண்புதைபடிவங்களையும் கார்பனையும் வைத்துப் பாறையின் வயதைக் கணிக்கும் இந்த முறைக்கு வேண்டியவை கடலடியில் அடுக்கடுக்காகப் படிந்த களிப்பாறையும் சுண்ணாம்புப் பாறையும். அவற்றுக்கு நாம் அரியலூர், பெரம்பலூர் பக்கம் செல்ல வேண்டும். கைப்பழக்கத்துக்கு நம் கடற்கரை போதும்.

கார்பன் என்றதும் நினைவுக்கு வரும் கார்பன்-14, சுமார் 50,000 ஆண்டுகளுக்கு அப்பால் உதவாது. இங்கே நாம் அளப்பது சிதைவுறாத கார்பன்-12, கார்பன்-13 ஆகிய ஐசோடோப்புகளின் (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களின்) விகிதத்தை.

படி 1: பழகுதல். மணவாளக்குறிச்சியின் கருமணலில் இல்மனைட் போன்ற கனத்த தாதுக்கள் மிகுதி. ஆகவே சிப்பித்தூள் கலந்த வெளிர்மணலைத் தேர்ந்தெடுத்து, நுண்ணோக்கியின் கீழ் ஃபோராமினிஃபெரா எனும் ஒருசெல் உயிர்களின் ஓடுகளைத் தேடுங்கள். பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டருக்கும் சிறியவை.

படி 2: மாதிரி எடுத்தல். அரியலூர்ப் பக்கப் பாறையடுக்குகளில் உரிய அனுமதி பெற்று, வெயிலில் வெளுத்த மேற்பரப்பைக் கொத்தி அகற்றியபின், கீழிருந்து மேலாகச் சீரான இடைவெளியில் எடுத்து, ஒவ்வொரு பையிலும் உயரத்தைக் குறியுங்கள்.

படி 3: கழுவுதல். களிப்பாறையைப் பட்டாணி அளவுக்கு உடைத்து, நீர்த்த ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்து, 63 மைக்ரான் சல்லடையில் அலசி உலர்த்துங்கள். ஒருமுறை நான் சல்லடையைச் சரியாகக் கழுவாததால், கீழடுக்கின் ஓடுகள் மேலடுக்கில் கலந்து, ஒரு வார உழைப்பு வீணானது. அன்றுமுதல் ஒவ்வொரு மாதிரிக்குப் பிறகும் சல்லடையை மெத்திலீன் நீலச் சாயத்தில் முக்கி எடுக்கிறேன். கண்ணிகளில் சிக்கிய பழைய ஓடு பின்னர் உதிர்ந்தாலும், அதன் நீலநிறமே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஓடுகளை ஈரமான மெல்லிய தூரிகை நுனியால் தொட்டெடுத்து, கருப்புத் தட்டில் இனவாரியாக அடுக்குங்கள்.

படி 4: ஐசோடோப்பு அளவீடு. இதை ஆய்வகம்தான் செய்ய வேண்டும். பாறைத்தூளில் பாஸ்பாரிக் அமிலம் பட்டதும் வெளிவரும் கார்பன் டையாக்சைடை நிறைமாலைமானி (மூலக்கூறுகளை எடைவாரியாகப் பிரித்து அளக்கும் கருவி) அளக்கும். விடை, ஒரு தரத்தோடு ஒப்பிட்டால் கார்பன்-13 விகிதம் எவ்வளவு கூடுதல் அல்லது குறைவு என்பதாக, ஆயிரத்துக்கு இத்தனை என்று வரும். அதற்கான ஒப்பீட்டுத் தரம், குளச்சலில் கரையேறும் கணவாயின் தூரத்து உறவான பெலம்னைட் என்ற உயிரினத்தின் புதைபடிவத்தை அடிப்படையாகக் கொண்டு உருவானது.

படி 5: பொருத்துதல். மதிப்புகளை உயரத்துக்கு எதிராக வரைந்தால் ஏறியிறங்கும் ஒரு வளைவு கிடைக்கும். கடலடியில் உயிர்மக்கு (இறந்த உயிர்களின் கரிம எச்சம்) பெருமளவில் புதையும்போது அதோடு கார்பன்-12 அதிகமாகப் போய்விடுவதால், எஞ்சிய நீரிலும் அதில் படியும் சுண்ணாம்பிலும் கார்பன்-13 கூடுகிறது. சுமார் 9.4 கோடி ஆண்டுகளுக்கு முன் இப்படி ஆயிரத்துக்கு ஏறத்தாழ 2 அலகு உயர்ந்தது. ஆனால் இத்தகைய ஏற்றம் பல காலங்களில் நிகழ்ந்திருப்பதால், வளைவை மட்டும் வைத்துக்கொண்டு வயது சொல்வது தவறு. ரோட்டாலிபோரா குஷ்மானி என்ற ஃபோராமினிஃபெரா அந்த ஏற்றத்தின் தொடக்கத்தை ஒட்டி மறைந்தால்தான் நாம் தேடிய ஏற்றம் அதுவே என்று கொள்ளலாம். நுண்புதைபடிவம் ஊரைக் காட்டும்; வளைவு கதவு எண்ணைக் காட்டும். ஆண்டுக்கணக்கோ, வேறு நாடுகளில் இதே அடுக்குகளுக்கு இடையே கிடைத்த எரிமலைச் சாம்பலின் கதிரியக்க அளவீட்டிலிருந்து வருகிறது.

இறுதியாக, ஆக்சிஜன் ஐசோடோப்பு மதிப்புகளையும் அருகில் வரைந்து பாருங்கள். இரண்டும் கைகோத்தபடி கீழிறங்கினால், பிற்காலத்தில் ஊடுருவிய மழைநீர் அந்தப் பாறையின் வேதியியலை மாற்றியிருக்கலாம். அத்தகைய மாதிரிகளை வளைவில் சேர்க்காமல் ஒதுக்கிவையுங்கள்.