நடை பழகிய பிள்ளையை வீட்டு வேலையில் சேர்த்துக்கொள்வது எப்படி

தாய் முற்றம் கூட்டும்போது விளக்குமாற்றைப் பிடித்து இழுக்கும் பிள்ளையையும், கோழிக்குக் குறுணல் போடும்போது கோப்பைக்குள் கைவிடும் பிள்ளையையும் குழப்படிக்காரர் என்றே பல வீடுகளில் எண்ணிவிடுகிறார்கள். 2006ஆம் ஆண்டு பீலிக்ஸ் வார்னெகன், மைக்கேல் தொமசெல்லோ என்னும் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், கீழே விழுந்த பொருளை எட்டியெடுக்க முடியாமல் ஒரு பெரியவர் தவிப்பதைக் கண்ட 18 மாதக் குழந்தைகளிற் பலர், யாரும் கேளாமலே அதை எடுத்துக் கொடுத்தார்கள். விருப்பம் ஏற்கனவே இருக்கிறது. "தள்ளி நில்" என்று விரட்டி அதைக் கெடுக்காமல் இருந்தால் போதும்.

கொடுக்கும் வேலை உண்மையான வேலையாக இருக்கவேண்டும். ஒன்றரை வயதில், "இதை அம்மம்மாட்டக் குடுங்கோ" என்பது போல ஒரே சொல்லில் முடியும் வேலை பொருத்தமானது. இரண்டு வயதை நெருங்கும்போது, கொடியில் காயப்போட வேண்டிய உடுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரவும், காய்ந்தவற்றில் அப்பாவின் சாரத்தை வேறாக வைக்கவும் சொல்லலாம். எனக்குத் தெரிந்தவற்றுள் ஆகச் சிறந்தது முருங்கை இலை உருவுவதுதான்: கத்தி வேண்டாம், நெருப்பு வேண்டாம், பாயில் அருகருகே இருந்து பேசிக்கொண்டே செய்யலாம். காம்பும் இலையும் கலந்துதான் சுளகில் விழும் என்றாலும், பிள்ளையின் கண்முன்னே அதைத் திருத்தாமல், அது எழுந்து போனபின் ஆய்ந்துகொள்வது நல்லது. தான் செய்ததை உடனே இன்னொருவர் மறுபடி செய்வதைக் காணும் பிள்ளைக்கு, மறுநாள் வந்து இருக்க மனம் வராது. கூட்டுவதற்கு ஈர்க்குமாற்றைக் கொடுக்கவேண்டாம், அதன் நுனி கண்ணிற் குத்தும். பழைய தும்புத்தடியின் பிடியைப் பிள்ளையின் நெஞ்சளவுக்கு அறுத்து, முனையைத் துணியாற் சுற்றிக் கொடுக்கலாம்.

பாடசாலைக்குப் பிள்ளைகளை அனுப்பும் காலை அவசரத்திலும், அரிவு வெட்டு நாட்களிலும் இதைத் தொடங்கவேண்டாம். மத்தியான நித்திரைக்குப் பிந்திய வேளையே வசதியானது.

வன்னியில் இருப்போர் சில விடயங்களில் கூடுதல் கவனம் எடுக்கவேண்டும். கச்சான் உடைக்கும் இடத்தில் பிள்ளை இருந்தால் பருப்பு மூச்சுக்குழாயில் அடைக்கக்கூடும் என்பதால், கோதுகளைக் கடகத்தில் அள்ளிப்போடும் வேலையை மட்டும், அதுவும் பருப்பை அப்புறப்படுத்திய பின்னரே கொடுக்கவேண்டும். கட்டில்லாத கிணற்றடிக்குத் தண்ணீர் வேலையாகக் கூட்டிச்செல்லவே கூடாது. வாளியில் சிறிதளவு நீர் இருந்தாலும் தவழும், நடக்கும் வயதில் அது ஆபத்தானது. முற்றத்துக் குப்பை பொறுக்கப் பழகிய பிள்ளை வேலிக்கு வெளியேயும் பொறுக்கப் போகும். கண்ணிவெடி அகற்றும் பணி இன்னும் நடைபெறும் மாவட்டங்களில், மண்ணிற் கிடக்கும் இரும்பைத் தொடாமல் பெரியவரைக் கூப்பிடவேண்டும் என்பதையும் அதே வயதிலேயே பழக்கத் தொடங்கவேண்டும். அந்த வயதுப் பிள்ளை சொன்னதை மறந்துவிடும் ஆதலால், வேலிக்கு வெளியே தனியே விடாமல் பார்த்துக்கொள்வதும் பெரியவர் பொறுப்பு.

வேலை முடிந்ததும் டொபி கொடுக்கும் வழக்கம் அம்மம்மாமாரிடம் உண்டு, அவர்களைத் தடுப்பதும் எளிதன்று. ஆனால் அதே இரு ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், உதவிக்குப் பொருள் பெற்ற 20 மாதக் குழந்தைகள் பின்னர் உதவுவது குறைந்தது. வாய்ச்சொல்லாற் பாராட்டப்பட்டவர்களிடம் அக்குறைவு காணப்படவில்லை. "இலை உருவித் தந்தபடியால் கறி கெதியாய் ஆயிற்று" என்று, செய்த காரியத்தைக் குறிப்பிட்டுச் சொல்வது போதுமானது. வர மறுக்கும் நாளில் வற்புறுத்தாமல் விட்டுவிட்டு, அடுத்தமுறை உடுப்புக் கூடையைத் தூக்கும்போது மீண்டும் கூப்பிடலாம்.