குளிர்கால லாஸ் வேகஸ்: பகல் பாலைவனத்துக்கு, இரவு நகரத்துக்கு

டிசம்பர் பிற்பகுதியில் லாஸ் வேகஸில் மாலை நாலரை மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். விடிவது ஏழுக்குச் சற்று முன்னால். வெளிச்சம் பத்து மணி நேரம் கூடக் கிடையாது. குடும்பத்தோடு போகிறவர்களின் திட்டம் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்தக் கணக்கைப் பார்க்காததால்தான். நிதானமாகச் சாப்பிட்டு, பதினொரு மணிக்குக் கிளம்பி, இரண்டு மணி நேரம் ஓட்டி டெத் வேலி என்ற பாலைவனப் பள்ளத்தாக்குக்குப் போய்ச் சேர்ந்தால் கையில் மிஞ்சுவது மூன்றரை மணி நேரம். அதில் ஒரு இடம்கூட உருப்படியாகப் பார்க்க முடியாது.

நகரத்தின் விளக்குகள் இருட்டிய பிறகுதான் அழகு. அதனால் பகலைப் பாலைவனத்துக்கும் இரவை நகரத்துக்கும் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நாளுக்கும் முதலில் சூரிய அஸ்தமன நேரத்தை எழுதி, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டுக் கிளம்பும் நேரத்தை முடிவு செய்யுங்கள்.

எந்த வாரம் போகலாம்

நவம்பரில் ஃபார்முலா ஒன் கார் பந்தயம், டிசம்பர் முற்பாதியில் தேசிய ரோடியோ (குதிரை, காளை அடக்கும் விளையாட்டு) இறுதிப் போட்டி, ஜனவரி தொடக்கத்தில் சி.இ.எஸ். மின்னணுப் பொருட்காட்சி. இந்த நாட்களில் அறை வாடகை எகிறிவிடும். கிறிஸ்துமஸுக்கு மறுநாளிலிருந்து புத்தாண்டு வரை உச்சம். டிசம்பர் 31 மாலை, பெரிய ஹோட்டல்கள் வரிசையாக இருக்கும் ஸ்ட்ரிப் சாலையில் கார்களை விடமாட்டார்கள். சிறு குழந்தைகளோடு அந்த நெரிசலுக்குள் போவது வீண் அவதி.

மலிவான இடைவெளி, ரோடியோ முடிந்த பிறகு கிறிஸ்துமஸ் வரையிலான நாட்கள். பள்ளி விடுமுறையின் முதல் சில நாட்களும் இதில் அடங்கிவிடும். ஜனவரி பிற்பகுதியும் நல்லது, மார்ட்டின் லூதர் கிங் நாளை ஒட்டிய நீண்ட வார இறுதியை மட்டும் தவிர்த்துவிடுங்கள். எந்த வாரமானாலும் ஞாயிறு போய் வியாழன் அல்லது வெள்ளி காலை கிளம்புவதுபோல் போடுங்கள். வெள்ளி, சனி இரவுகளின் வாடகை வாரநாளைப்போல் இரண்டு மடங்காவது சாதாரணம்.

அறை

அறிவித்த வாடகைக்கு மேல் ‘ரிசார்ட் கட்டணம்’ என்று ஒவ்வொரு இரவுக்கும் 35 முதல் 55 டாலர் வரை சேரும், அதற்கு வரியும் உண்டு. 2025 மே முதல் இதைச் சேர்த்த மொத்தத் தொகையைத்தான் விளம்பரத்தில் காட்ட வேண்டும் என்று மத்திய அரசு விதி வந்துவிட்டது. ஆனாலும் கார் நிறுத்தக் கட்டணம் பல ஹோட்டல்களில் தனி, அதைக் கேட்டுவிட்டு முன்பதிவு செய்யுங்கள்.

குழந்தைகள் இருந்தால் சூதாட்டக் கூடமே இல்லாத ஹோட்டல் எடுப்பதுதான் என் முதல் பரிந்துரை. மற்ற ஹோட்டல்களில் அறைக்கும் வாசலுக்கும் நடுவில் சிகரெட் புகை நிறைந்த கூடத்தைத் தினமும் நாலைந்து முறை கடக்க வேண்டியிருக்கும். 21 வயதுக்குக் குறைந்தவர்கள் பெரியவர்களோடு அதைக் கடந்து போகலாம், ஆனால் அங்கே நிற்கக்கூடாது. குழந்தை ஒரு இயந்திரத்தின் விளக்கைப் பார்த்து நின்றாலே காவலர் வந்து நகரச் சொல்வார். ஸ்ட்ரிப்பின் நடுவில் உள்ள விடாராவில் சூதாட்டமும் இல்லை, புகையும் இல்லை. அறையிலேயே சிறு சமையல் வசதியும் உண்டு. சூதாட்டக் கூடம் இருந்தாலும் புகைபிடிக்கத் தடை உள்ள ஹோட்டல் பார்க் எம்ஜிஎம்.

வழக்கமான ஸ்ட்ரிப் அறையில் மைக்ரோவேவ் இருக்காது. குளிர்பதனப் பெட்டி இருந்தாலும் அதில் விற்பனைப் பண்டங்கள் அடுக்கியிருக்கும். சில ஹோட்டல்களில் ஒன்றைத் தூக்கினாலே சென்சார் பில் போட்டுவிடும். குழந்தையின் பாலை வைக்க இடம் பண்ணுவதற்காக அவற்றை எடுத்து வெளியே வைத்துவிடாதீர்கள். வரவேற்பறையில் கேட்டுத் தனிப் பெட்டி வாங்கிக்கொள்ளலாம்.

நீச்சல் குளத்தை நம்பிப் பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுக்க வேண்டாம். குளிர்காலத்தில் பெரிய குளங்கள் பல மூடியிருக்கும். சூடாக்கிய ஒன்றிரண்டு மட்டுமே திறந்திருக்கும்.

கார்

ஸ்ட்ரிப்பில் சுற்ற கார் தேவையில்லை. பாலைவன நாட்களுக்கு மட்டும் வாடகைக்கு எடுத்தால் நிறுத்தக் கட்டணம் மிச்சம். ஊபரில் நகருக்கு வெளியே உள்ள ரெட் ராக் பாறைப் பகுதி வரை போய்விடலாம், திரும்புவதுதான் பிரச்சினை: அங்கே அலைபேசி சிக்னல் சரியாகக் கிடைக்காது, வண்டியை அழைக்கவே முடியாது.

குழந்தை இருக்கை விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நெவாடாவில் 6 வயதுக்கும் 57 அங்குலத்துக்கும் குறைந்த பிள்ளைக்குக் கட்டாயம். டெத் வேலி இருப்பது கலிஃபோர்னியாவில். அங்கே 8 வயதுக்கும் 4 அடி 9 அங்குலத்துக்கும் குறைந்தவர்கள் எல்லோருக்கும் குழந்தை இருக்கையோ, உட்காரும் உயரத்தைக் கூட்டும் பூஸ்டரோ வேண்டும். ஏழு வயதுப் பிள்ளையோடு எல்லை தாண்டும்போது மாட்டிக்கொள்வது இந்த வித்தியாசத்தில்தான். அமெரிக்க விமான நிறுவனங்கள் பெரும்பாலும் இருக்கையைக் கட்டணமின்றி ஏற்றிக்கொள்கின்றன, வீட்டிலிருந்தே கொண்டுபோவது லாபம்.

ரெட் ராக்கும் வேலி ஆஃப் ஃபயரும்

ரெட் ராக் கேன்யன் ஸ்ட்ரிப்பிலிருந்து 17 மைல்தான். அக்டோபர் முதல் மே வரை காலை 8 முதல் மாலை 5 வரை நுழைய முன்பதிவு கட்டாயம். கூட்டமான நாட்களில் காலை நேரங்கள் முதலில் தீர்ந்துவிடும். காருக்கு 20 டாலர், முன்பதிவுக்கு 2 டாலர். தேசியப் பூங்கா ஆண்டுப் பாஸ் இருந்தாலும் அந்த 2 டாலர் முன்பதிவு வேண்டும். பாஸைக் காட்டினால் விடுவார்கள் என்று வாசல்வரை வந்து திரும்புகிறவர்கள் உண்டு.

இங்கே காலையில் போகவேண்டும் என்பதற்குக் காரணம் இருக்கிறது. உயரமான மலைச்சுவர் மேற்கே இருப்பதால் காலை வெயில் நேராகப் பாறையில் விழும். பிற்பகலில் சூரியன் அந்தச் சுவருக்குப் பின்னால் சீக்கிரமே இறங்கிவிடும். 13 மைல் வட்டச் சாலை ஒருவழிப்பாதை. ஒரு நிறுத்தத்தைத் தவறவிட்டால் முழுச் சுற்றும் சுற்றித்தான் திரும்ப வரவேண்டும். அதனால் கேலிகோ ஹில்ஸ், சாண்ட்ஸ்டோன் குவாரி, லாஸ்ட் கிரீக் என்று மூன்றை முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். சிறுவர்களுக்கு முக்கால் மைல் லாஸ்ட் கிரீக் நடை சரியாக இருக்கும்.

இந்தச் சிவப்புப் பாறை ஜுராசிக் காலத்து மணல் குன்றுகள் இறுகியது. இரும்பு துருப்பிடித்த நிறம் அது. பாறையை அருகில் போய்ப் பார்த்தால் சாய்ந்த கோடுகள் அடுக்கடுக்காகத் தெரியும்; காற்று மணலைக் கொட்டிய திசை அந்தக் கோடுகளில் பதிந்திருக்கிறது. பிள்ளைகளை விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள், மணல் துகள் கையில் ஒட்டும். மழை பெய்த மறுநாள் மட்டும் ஏறவிடாதீர்கள்: ஈரத்தில் இந்தப் பாறை பலமிழந்து பிடித்த இடத்திலேயே பெயர்ந்துவிடும்.

அதே பாறையின் இன்னொரு முகம் வேலி ஆஃப் ஃபயர். ஒரு மணி நேரப் பயணம். இது மாநிலப் பூங்கா, தேசியப் பாஸ் செல்லாது; வெளிமாநிலக் காருக்கு 15 டாலர். ஃபயர் வேவ் என்ற வரியோடிய பாறைக்குப் போய்வர ஒன்றரை மைல் நடை. கோடை வெப்பத்தில் இந்தப் பாதையை மூடிவிடுகிறார்கள், குளிர்காலத்தில் திறந்திருக்கும். முதலில் மவுசஸ் டேங்க் பாதையில் பாறைச் சித்திரங்களைப் பார்த்துவிட்டு, ஃபயர் வேவை இரண்டரை மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். சாய்வெயிலில் இளஞ்சிவப்பும் வெள்ளையும் தனித்தனியாகத் தெரியும். சித்திரங்களைத் தொடக்கூடாது, கை எண்ணெயே அவற்றைக் கெடுத்துவிடும்.

டெத் வேலி: ஒரு முழு நாள்

கோடையில் உயிருக்கே ஆபத்தான இந்த இடம் டிசம்பரில் பகல் 18 டிகிரி செல்சியஸ் அளவில் இதமாக இருக்கும். நுழைவு காருக்கு 30 டாலர், ஏழு நாள் செல்லும். ஃபர்னஸ் கிரீக் வரை சுமார் 120 மைல்.

காலை 6 மணிக்குக் கிளம்புங்கள். ஒரு மணி நேரத்தில் பரம்ப் ஊர் வரும். இங்கே டாங்க்கை நிரப்புங்கள், பூங்காவுக்குள் பெட்ரோல் விலை மிக அதிகம். வரைபடத்தை முன்னரே அலைபேசியில் இறக்கி வையுங்கள். உள்ளே சில இடங்களில் மட்டுமே சிக்னல் உண்டு, வழிகாட்டிச் செயலி குறுக்கு வழி என்று மண் சாலையில் இறக்கிவிடும். மண் சாலையில் டயர் கிழிந்தால் வாடகை ஒப்பந்தம் கைகொடுக்காது.

முதலில் டான்டேஸ் வியூ. 5,475 அடி உயரம், பள்ளத்தாக்கின் தரையைவிட 14 டிகிரி குளிர் கூடுதல், காற்றும் வெட்டும். தொப்பியும் கனமான ஜாக்கெட்டும் இந்த ஒரு இடத்துக்காகவே எடுத்துப் போகவேண்டும். கீழே வெள்ளையாகத் தெரியும் உப்புத் தரைக்குத்தான் மதியம் போகப்போகிறீர்கள் என்று பிள்ளைகளிடம் காட்டி வையுங்கள். அங்கிருந்து சப்ரிஸ்கி பாயின்ட், பிறகு ஃபர்னஸ் கிரீக் பார்வையாளர் மையம். சிறுவர்களுக்கான ஜூனியர் ரேஞ்சர் கையேட்டை இங்கே வாங்கிக்கொண்டால் பிள்ளைகள் நாள் முழுக்கக் கேள்விக்கு விடை தேடிக்கொண்டே வருவார்கள். கையோடு கொண்டுவந்த சாப்பாட்டை இங்கேயே முடித்துவிடுங்கள். உணவகங்கள் குறைவு, சைவம் இன்னும் குறைவு. புளியோதரையும் சப்பாத்தியும் கட்டிக்கொண்டு வந்தால் கவலையில்லை.

பேட்வாட்டர் பேசின் கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே, வட அமெரிக்காவிலேயே தாழ்ந்த இடம். காலையில் கிழக்கு மலையின் நிழல் விழுவதால் நண்பகலுக்கு மேல் வருவதே சரி. பெரும்பாலோர் மரமேடையருகே மிதிபட்டுப் பழுப்பேறிய உப்பைப் படம் பிடித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். இன்னும் பதினைந்து நிமிடம் நேரே நடங்கள். தரை வெளுத்துக்கொண்டே வரும். பிறகு அறுகோணம் போன்ற கட்டங்கள், ஒவ்வொன்றின் விளிம்பிலும் புடைத்த உப்பு வரப்பு. அடியிலிருக்கும் நீர் மேலேறி ஆவியாக, உப்பு மட்டும் தங்கி வரப்பாக எழும்பியது அது. திரும்பும்போது அண்ணாந்து பாருங்கள், பாறைச்சுவரில் வெகு உயரத்தில் ‘கடல் மட்டம்’ என்ற பலகை தெரியும். காரில் ஏறுமுன் காலணியைத் தட்டிவிடுங்கள்.

ஃபர்னஸ் கிரீக் திரும்பும் வழியில் ஆர்ட்டிஸ்ட்ஸ் டிரைவ், 9 மைல் ஒருவழிப்பாதை. பிற்பகல் வெயிலில்தான் பச்சையும் ஊதாவும் எடுப்பாக இருக்கும். வளைவும் மேடுபள்ளமும் அதிகம், வாந்தி வரும் பிள்ளைக்கு முன்பே மாத்திரை கொடுத்துவிடுங்கள். அஸ்தமனத்துக்கு மெஸ்கீட் மணல் குன்றுகளுக்குப் போக ஆசை வரும். அது ஃபர்னஸ் கிரீக்கிலிருந்து வடமேற்கே 25 மைல் தள்ளி இருக்கிறது. அன்றிரவே நகரம் திரும்புகிறவர்கள் அதை விட்டுவிடுவதே நல்லது. குன்றுகள் வேண்டுமென்றால் ஃபர்னஸ் கிரீக்கிலோ பக்கத்து ஊரான பீட்டியிலோ ஒரு இரவு தங்குங்கள். நிலவில்லாத இரவானால் பால்வீதியைப் பிள்ளைகள் வெறுங்கண்ணால் பார்க்கலாம்.

ஆளுக்கு நாலு லிட்டர் தண்ணீர் காரில் இருக்கட்டும். குளிரில் தாகம் தெரியாது, ஆனால் வறண்ட காற்று உடம்பை உலர்த்திக்கொண்டே இருக்கும். உதடு வெடிப்பும் மூக்கில் இரத்தமும் சிறுவர்களுக்கு வரும் வழக்கமான தொல்லை. இருட்டில் திரும்பும்போது வேகத்தைக் குறையுங்கள், காட்டுக் கழுதைகளும் குதிரைகளும் சாலையில் நிற்கும்.

கிராண்ட் கேன்யன் வேண்டுமா?

நாலைந்து நாள் பயணத்தில் வேண்டாம் என்பேன். தெற்கு விளிம்புக்கு 280 மைல், ஒருவழிக்கே நாலரை மணி நேரம். 7,000 அடி உயரத்தில் பனியும் பெய்யலாம். ஒரே நாளில் போய்வந்தால் ஒன்பது மணி நேரம் காரில்தான். ஸ்கைவாக் என்ற கண்ணாடி நடைமேடை இருக்கும் மேற்குப் பகுதி இரண்டரை மணி நேரத்தில் வரும், ஆனால் அது வாலபாய் பழங்குடியினரின் நிலம், தேசியப் பாஸ் செல்லாது. அரிசோனா கடிகாரம் குளிர்காலத்தில் நெவாடாவைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும் என்பதை மறந்தால் முன்பதிவு செய்த நேரம் போய்விடும். அரைநாள் மிச்சமிருந்தால் ஹூவர் அணை போதும். அருகிலுள்ள பாலத்தின் நடைபாதையிலிருந்து அணையின் முழு முகமும் தெரியும்.

ஊரிலிருந்து பெற்றோர் வந்திருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். 2026 முதல் ஆண்டுப் பாஸ் அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு 80 டாலர், மற்றவர்களுக்கு 250. கிராண்ட் கேன்யன் உள்ளிட்ட 11 பூங்காக்களில் ஆண்டுப் பாஸ் இல்லாத வெளிநாட்டுப் பயணிக்குக் கூடுதலாக ஆளுக்கு 100 டாலர். டெத் வேலி அந்தப் பட்டியலில் இல்லை.

மாலைகள்

பெல்லாஜியோ நீரூற்று இலவசம், இரவில் கால் மணிக்கொருமுறை நடக்கும். பலத்த காற்றடித்தால் நிறுத்திவிடுவார்கள். உள்ளேயிருக்கும் மலர்க்கூடமும் இலவசம். மிராஜ் ஹோட்டலின் செயற்கை எரிமலையைத் தேடிப் போகாதீர்கள், அந்த ஹோட்டல் 2024 ஜூலையிலேயே மூடப்பட்டது. ஹை ரோலர் ராட்டினம் 550 அடி உயரம், ஒரு சுற்று அரை மணி நேரம். குளிர் அதிகமான மாலைக்கு சர்க்கஸ் சர்க்கஸின் கூரைக்குள் இருக்கும் கேளிக்கைப் பூங்கா உதவும். பெரிய மேடைக் காட்சிகள் பலவற்றில் 5 வயதுக்குக் குறைந்தவர்களை விடமாட்டார்கள், டிக்கெட் வாங்குமுன் பாருங்கள். டெத் வேலி போய்வந்த இரவில் காட்சி வைக்கவே வைக்காதீர்கள், பாதியில் எல்லோரும் தூங்கிவிடுவார்கள்.

ஸ்ட்ரிப்பில் பக்கத்து ஹோட்டல் என்று தெரிவது இருபது நிமிட நடை. நடைமேம்பாலங்களில் நின்று படமெடுப்பது 2024 முதல் சட்டப்படி குற்றம். வேடமணிந்தவர்கள் பிள்ளையை அணைத்துப் படமெடுக்க அழைப்பார்கள், எடுத்தபின் பணம் கேட்பார்கள். இலவச டிக்கெட் என்று கூப்பிடும் மேசைகள் விடுமுறைப் பங்கு வீடுகளை விற்பவர்களுடையவை, அரைநாள் போய்விடும்.

நான்கு இரவுக்கு இப்படி அடுக்கலாம்: ஞாயிறு வந்து நீரூற்று, திங்கள் காலை ரெட் ராக், மாலை காட்சி, செவ்வாய் டெத் வேலி மட்டும், புதன் நன்றாகத் தூங்கி எழுந்து பத்தரைக்கு வேலி ஆஃப் ஃபயர், இரவு ராட்டினம். வியாழன் கிளம்பும்போது கார் திருப்பும் நிலையம் விமான நிலையத்துக்கு வெளியே இருப்பதையும், அங்கிருந்து பேருந்தில்தான் போகவேண்டும் என்பதையும் நினைவில் வைத்து, விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே காரை விட்டுவிடுங்கள்.