தொடு உணர்வைப் பற்றிய பாடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தோலின் குறுக்குவெட்டுப் படத்தைப் பார்த்து, அதிலுள்ள நுண்ணிய உணர்வு அமைப்புகளில் மெய்ஸ்னர் உறுப்புக்குத் தொடுகை, ருஃபினி முனைக்கு வெப்பம், கிரௌஸ் குமிழுக்குக் குளிர் என்று மனப்பாடம் செய்யும் வழக்கம் மாணவர்களிடம் இன்னும் இருக்கிறது. இது 1890களில் உடலியலாளர் மாக்ஸ் ஃபான் ஃப்ரை முன்வைத்த பகுப்பு. தனித்தனி நரம்பிழைகளின் மின்துடிப்புகளைப் பதிவு செய்ய முடிந்த பிறகு, அது பெரும்பாலும் கைவிடப்பட்டது. தோல் இழுபடுவதை உணர்வனவாகவே ருஃபினி முனைகள் இன்று கருதப்படுகின்றன. சூட்டையும் குளிரையும் அறிபவை உறையேதும் இல்லாத வெறும் நரம்பு முனைகள். மெர்க்கல் செல்கள் நீடித்த அழுத்தத்தையும் விளிம்புகளையும், மெய்ஸ்னர் உறுப்புகள் பிடியிலிருந்து பொருள் நழுவும் சிறு அசைவையும், வெங்காயம் போல் அடுக்கடுக்காக ஆழத்தில் அமைந்த பசீனியன் உறுப்புகள் நொடிக்கு 250 முறை அளவிலான அதிர்வையும் மிக நுட்பமாக அறிகின்றன. இருட்டில் சட்டைப் பொத்தானை மாட்டும் விரல் நுனியில் இவை அனைத்தும் சேர்ந்தே வேலை செய்கின்றன என்பதை ஆசிரியர்கள் கட்டாயம் சொல்லித்தர வேண்டும்.

தொடுகை மிகுந்தால் அதுவே வலியாகிறது என்பது அடுத்த தவறு. வலிக்கென்று தனி நரம்பு முனைகள் உண்டு. வாசற்படியில் கால் விரல் இடித்துக்கொண்டால், இடித்த உணர்வு முதலில் வந்து, சுரீரென்ற வலி அதைத் தொடர்ந்து, விண்விண் என்ற வலி சற்றுத் தாமதித்து வருவதற்குக் காரணம், தொடுகைச் செய்தி நொடிக்கு 35 முதல் 75 மீட்டர் வேகத்திலும் கடைசியாக வரும் வலிச் செய்தி 2 மீட்டருக்கும் குறைவான வேகத்திலும் செல்வதுதான்.

தோல் பொருளின் வெப்பநிலையை அளக்கிறது என்றும் எண்ண வேண்டாம். இரவு முழுவதும் ஒரே அலமாரியில் இருந்த எவர்சில்வர் டம்ளரும் மரக்கரண்டியும் ஒரே வெப்பநிலையில்தான் இருக்கும். ஆனாலும் டம்ளர் சில்லென்று இருக்கிறது. உலோகம் விரலின் சூட்டை விரைவாக இழுத்துக்கொள்வதால் விரலின் தோல் குளிர்கிறது. நரம்பு முனை அறிவது அந்தத் தோலின் குளிர்ச்சியையே. மிளகாய் நறுக்கிய கை எரிவதும் இதைப் போன்றதே: சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேல் திறக்கும் டிஆர்பிவி1 என்ற, நரம்பு முனையில் உள்ள புரத வாயிலை மிளகாயின் கேப்சைசின் சூடே இல்லாமல் திறந்துவிடுகிறது. இதை 1997இல் கண்டறிந்த டேவிட் ஜூலியஸும், அழுத்தத்தால் திறக்கும் பீசோ வகைப் புரதங்களை 2010இல் கண்டறிந்த ஆர்டெம் பட்டபூட்டியனும் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

பீசோ2 தோலில் மட்டும் இல்லை. தசைகளின் நீட்சியை உணரும் நரம்புகளிலும் இருக்கிறது. அது பிறவியிலேயே செயல்படாதவர்கள் கண்ணை மூடினால் நடக்கத் தடுமாறுகிறார்கள். ஆகவே தொடு உணர்வைத் தோலோடு நிறுத்திவிடுவதும் தவறு.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, வலி இல்லையென்றால் காயமும் இல்லை என்று நீரிழிவு உள்ளவர்கள் நம்பிவிடுவது. இந்நோயில் மிக நீளமான நரம்புகள் முதலில் பழுதடைவதால் பாதம்தான் முதலில் மரத்துப்போகிறது. உச்சி வெயிலில் கோயில் பிராகாரத்துக் கல்தளத்தில் வெறுங்காலோடு நடந்து கொப்புளம் கண்டாலும் அவர்களுக்குத் தெரியாமல் போகலாம். இரவில் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்ப்பதையும், மருத்துவரிடம் 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் செய்யும் சோதனையைக் கேட்பதையும் தள்ளிப்போடாதீர்கள். அந்த இழை வளையும்வரை அழுத்தியும் கால் உணரவில்லையென்றால், புண் வருமுன் எச்சரிக்கும் உணர்வு அந்த இடத்தில் போய்விட்டது என்று பொருள்.