கேட் (CAD) சாஃப்ட்வேர்ல ஸ்பிரிங் போடுறது: ஹெலிக்ஸ் ஈஸி, ஸ்வீப்ல தான் இருக்கு கதை

ஹெலிக்ஸ், அதாவது சுருள் கோடு போடற கமாண்டை கண்டுபிடிக்கிறது பெரிய விஷயமே இல்லைங்க. சாலிட்வொர்க்ஸ்ங்கற கேட் சாஃப்ட்வேர்ல இன்சர்ட் மெனு, கர்வ், அதுக்குள்ள ஹெலிக்ஸ்/ஸ்பைரல், ஒரு வட்டம் வரைஞ்சு வெச்சிருந்தா போதும் அது மேல சுருள் ஏறிடும். அந்த சுருளை வெச்சு ஒழுங்கா ஒரு ஸ்பிரிங் பண்ணப் போறப்ப தான் ஸ்வீப் (ஒரு வடிவத்தை கோடு வழியா இழுத்து கெட்டியான உருவமா ஆக்கறது) எரர் அடிக்கும், இல்லன்னா ஸ்பிரிங் அழகா வந்துடும் ஆனா வெளி டயா டிராயிங்ல இருக்கறத விட பெருசா நிக்கும். அதனால ஒரு கம்ப்ரஷன் (அமுக்கற) ஸ்பிரிங்கையே எடுத்துக்குவோம்: கம்பி 2 மி.மீ., வெளி டயா 20, நடுவுல பிட்ச் (ஒரு சுற்றுக்கு ஏறுற உயரம்) 6, ரெண்டு முனையும் மூடி கிரைண்ட் பண்ணது.

டாப் பிளேன்ல ஒரிஜினை சென்டரா வெச்சு வட்டம் போடுங்க, 20 இல்ல, 18. ஹெலிக்ஸ் ஓடுறது கம்பியோட நடுவுல, அதனால வெளி டயாவுல இருந்து ஒரு கம்பி தடிமனை கழிச்சுடணும். டிராயிங்ல உள் டயா குடுத்திருந்தா கூட்டணும். பாதி தப்பு இங்கயே நடக்குது.

அப்புறம் ஹெலிக்ஸ்ல பிட்ச் அண்ட் ரெவல்யூஷன் செலக்ட் பண்ணி, கீழ கான்ஸ்டன்ட் பிட்ச்ங்கறத வேரியபிள் பிட்ச்னு மாத்துங்க, ஒரு டேபிள் திறக்கும். டயா எல்லா வரியிலயும் 18, மத்தது இப்படி:

சுற்று 0 – பிட்ச் 2.05
சுற்று 1.5 – பிட்ச் 2.05
சுற்று 2 – பிட்ச் 6
சுற்று 8 – பிட்ச் 6
சுற்று 8.5 – பிட்ச் 2.05
சுற்று 10 – பிட்ச் 2.05

முனைச் சுற்று ஒண்ணோட ஒண்ணு ஒட்டி தானே இருக்கணும், அப்ப பிட்ச் 2 தானே வரணும்னு கேப்பீங்க. கரெக்ட் தான், ஆனா சரியா 2 போட்டா பக்கத்து பக்கத்து சுற்று ஒரே கோட்டுல தொட்டுக்கும், சாலிட் மாடலருக்கு அது ஆகாது, அந்த 0.05 இடைவெளி குடுத்துட்டா சத்தமில்லாம வேலை முடியும்.

மொத்த உயரம் 46.175 வரும். இது நடுக்கோட்டோட உயரம், கம்பியோட பாதி தடிமன் மேலயும் கீழயும் நீட்டிட்டு இருக்கும், அதை தான் கிரைண்டிங்னு வெட்டப் போறோம். சுருள் ஆரம்பிக்கற மட்டத்துலயே வெட்டுனா அரை சுற்று தான் தட்டையா கிடைக்கும், நிஜ ஸ்பிரிங்ல முக்கால் சுற்று கிட்ட இருக்கும். அதனால ரெண்டு பக்கமும் 0.5 மி.மீ. உள்ள தள்ளி வெட்டுங்க, முனையில கம்பி தடிமன்ல கால்வாசி மிஞ்சும், ஃப்ரீ லென்த் (அமுக்காதப்ப இருக்கற நீளம்) 45.175 ஆயிடும்.

ஸ்வீப்புக்கு 2016 வெர்ஷன்ல இருந்து சர்குலர் ப்ரொஃபைல்னு (வட்டமான குறுக்குவெட்டு) ஒரு ஆப்ஷன் இருக்கு, ஸ்கெட்ச்சே வேண்டாம், ஹெலிக்ஸை பாத்-ஆ காட்டி டயா 2 அடிச்சா முடிஞ்சது. சதுரக் கம்பின்னா தான் ஸ்கெட்ச் வேணும். ஹெலிக்ஸ் ஸ்டார்ட் ஆங்கிளை மாத்தி ஆரம்பப் புள்ளிய ஃப்ரன்ட் பிளேன் மேலயோ ரைட் பிளேன் மேலயோ கொண்டு வந்துட்டீங்கன்னா தனியா பிளேன் போடற வேலை மிச்சம். ப்ரொஃபைல் சென்டரையும் ஹெலிக்ஸையும் செலக்ட் பண்ணி பியர்ஸ் ரிலேஷன் (கோடு பிளேனைக் குத்தற புள்ளியில சென்டரை பூட்டறது) குடுங்க, கோஇன்சிடென்ட் இல்ல. இதுல ஒண்ணு, ஹெலிக்ஸ் அந்த பிளேனை ஒவ்வொரு சுற்றுலயும் குத்திட்டு தான் போகுது, எங்கயோ நடுவுல க்ளிக் பண்ணா ப்ரொஃபைல் அங்க போய் உக்காந்துக்கும், ஆரம்ப முனை கிட்ட ஜூம் பண்ணி க்ளிக் பண்ணுங்க.

சுருள் வலது சுத்தா இடது சுத்தான்னு குழப்பம் வந்தா, க்ளாக்வைஸ் பட்டனை நம்பாதீங்க, மாடலை செங்குத்தா நிறுத்தி முன்னாடி இருந்து பாருங்க. கண்ணுக்கு முன்னாடி இருக்கற சுற்று இடமிருந்து வலமா ஏறுனா வலது. சைக்கிள் இடது பெடல்ல மரை இதுக்கு நேர் எதிரா ஏறும்.

லைசென்ஸ் இல்லையா, ஃப்ரீகேட் போதும். பார்ட் வொர்க்பென்ச்ல ப்ரிமிட்டிவ்ஸ்ல ஹெலிக்ஸ் இருக்கு, பிட்ச், உயரம், ஆரம் (9 போடுங்க, அது விட்டம் கேக்கல). ஸ்வீப் பண்றப்ப கிரியேட் சாலிட், ஃப்ரெனே ரெண்டையும் டிக் பண்ணுங்க. ஃப்ரெனே விட்டுட்டா வட்டக் கம்பில தெரியாது, ஆனா மரைக்கு முக்கோணம் வெச்சு ஸ்வீப் பண்றப்ப ப்ரொஃபைல் போகப் போக முறுக்கிக்கும். பார்ட் டிசைன்ல அடிட்டிவ் ஹெலிக்ஸ்னு ஒண்ணு இருக்கு, அதுல கர்வே தேவையில்ல, ஸ்கெட்ச்சும் அச்சும் போதும். ஒரே பிட்ச் தான்.

ஆட்டோகேட்ல 2007 வெர்ஷன்ல இருந்து ஹெலிக்ஸ் கமாண்ட் இருக்கு. சென்டர், கீழ் ஆரம், மேல் ஆரம், உயரம்னு வரிசையா கேக்கும், சுற்று எண்ணிக்கை சொல்லலன்னா 3 தான் போடும், உயரம் கேக்கறப்ப டர்ன்ஸ் ஆப்ஷன் எடுத்து மாத்திக்கலாம். மேல் ஆரத்தை குறைச்சா கூம்பு ஸ்பிரிங்.

எம்10 போல்ட் மரைய எல்லாம் ஹெலிக்ஸ் வெச்சு வெட்டாதீங்க, 3டி பிரிண்ட் பண்றதா இருந்தா ஒழிய. 20 போல்ட் போட்ட அசெம்பிளி திறக்கறதுக்குள்ள டீ குடிச்சுட்டு வந்துடலாம், காஸ்மெட்டிக் த்ரெட் (மரைய நிஜமா வெட்டாம படமா மட்டும் காட்டறது) போதும்.

ஸ்பிரிங் சுத்தறவர் கம்பி நீளம் கேப்பார். மெஷர் டூலை எடுத்து ஹெலிக்ஸை க்ளிக் பண்ணா காட்டும், இந்த ஸ்பிரிங்குக்கு 568 மி.மீ. கிட்ட வரும். 18-ஐ 3.14-ஆல பெருக்கி 10 சுற்றுக்கு போட்டாலே 565 வந்துடும், ரொம்ப தள்ளி வந்துச்சுன்னா டேபிள்ல எங்கயோ சுற்று தப்பா விழுந்திருக்கு.